தெரியாதவர்கள் கை தூக்கலாம்

அத்தியாயம் 14

வீட்டில் மூன்று பேர். மூன்று நாளாகப் பேச்சு இல்லை.

காரணம் ஒரு தாள். பதினோராம் வகுப்பு படிக்கும் மகள் கணக்கில் நூற்றுக்குப் பதினேழு வாங்கியிருந்தாள். முப்பத்தைந்துக்குக் கீழே வாங்குகிறவர்களுக்கு அவள் பள்ளியில் ஒரு படிவம் கொடுப்பார்கள். கணக்கை விட்டுவிட்டு வேறு பாடம் எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்று பெற்றோரில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். கொடுத்த பிறகு மாற்ற முடியாது. கணக்கு இல்லாமல் கட்டடக்கலை படிக்க முடியாது. ஏழாம் வகுப்பிலிருந்து அவள் வீடுகளாக வரைந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

அப்பா கணக்கு வாத்தியார். வேறு பள்ளியில். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்.

"என் தம்பிகிட்ட அனுப்பலாம்" என்றாள் அம்மா. அவள் தம்பி ட்யூஷன் சென்டர் நடத்துகிறான்.

"வகுப்புல கவனிச்சா போதும்" என்றார் வாத்தியார். பெற்றோர் கூட்டத்தில் வருஷா வருஷம் அவர் சொல்கிற வாக்கியம். கைதட்டல் வாங்கிக் கொடுத்த வாக்கியம்.

அதோடு பேச்சு நின்றது.

இன்று படிவத்துக்குக் கடைசி நாள். மாலை நாலு மணி.

*

காலை ஆறரைக்கு வாத்தியார் மகளின் கணக்கு நோட்டை எடுத்துப் பிரித்தார். இந்த வருஷத்தில் முதல் தடவை. மாதம் நூற்றெண்பது நோட்டு திருத்துகிறவர்.

முக்கோணவியல் என்று தலைப்பு. பச்சை மையில் அழகாக எழுதி, அடியில் இரட்டைக் கோடு போட்டிருந்தாள். அதற்கு அடுத்த வரி: எடுத்துக்காட்டு 14.

பக்கத்தைப் பின்னால் புரட்டினார். முந்தைய பாடத்தின் கடைசிக் கணக்கு. முன்னால் புரட்டினார். எடுத்துக்காட்டு 15.

"ரேடியோ."

சின்ன வயதில் ஓயாமல் பேசியதால் வந்த பெயர். இப்போதெல்லாம் அதில் ஒரு ஸ்டேஷனும் எடுப்பதில்லை என்று அம்மா சொல்வாள்.

தலை துவட்டியபடி வந்து நின்றாள்.

"பதிமூணு கணக்கு எங்க?"

"எது?"

"இதுல. பதினாலுலேருந்து ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி லீவு போட்டியா?"

"இல்ல. டீச்சர் நடத்தல."

"ஏன்?"

"எல்லாரும் ட்யூஷன்ல முடிச்சிட்டாங்க. டீச்சர் முதல் நாளே கேட்டாங்க. தெரியாதவங்க கை தூக்கலாம்னு."

"நீ தூக்கினியா?"

"ம்."

"வேற யாரு?"

"வேற யாரும் இல்ல."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

துண்டை நாலாக மடித்தாள். "உங்க அப்பாதான் கணக்கு வாத்தியாராச்சே, வீட்டுல கேட்டுக்கோன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. டீச்சர் கிண்டலா சொல்லலப்பா. நெஜமாத்தான் சொன்னாங்க."

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டேன்."

"எப்ப?"

"அன்னிக்கே. நீங்க பேப்பர் திருத்திட்டு இருந்தீங்க. நிமிரவே இல்ல. வகுப்புல கவனிச்சா போதும்னீங்க."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"கை தட்டுங்க யாராவது" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

மூன்று நாளில் அவள் பேசிய முதல் வாக்கியம் அது.

வாத்தியார் நோட்டை மூடினார். மறுபடி திறந்து பச்சை மைத் தலைப்பைப் பார்த்தார். மூடினார்.

"படிவத்தை யார்கிட்டயும் குடுக்காதே. நான் டீச்சரைப் பாத்துப் பேசறேன்."

"என்னன்னு பேசுவீங்க?" என்று கேட்டாள் மகள்.

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்று மேலே ஒன்று கீழே என்று மாறிப் போட்டுவிட்டு, அவிழ்த்து மறுபடி போட்டார்.

*

டீச்சருக்கு முப்பது வயது இருக்கும். தொண்டை கட்டியிருந்தது. மேஜையில் வெந்நீர் பாட்டில்.

"உட்காருங்க சார். உங்களுக்குத் தெரியாததா."

"ஒண்ணாவது கணக்கை ஏன் நடத்தல?" வாத்தியார் உட்காரவில்லை.

"நடத்தினேன் சார். போன வருஷம். நாப்பத்திநாலு பேர்ல நாப்பது பேர் குனிஞ்சு ட்யூஷன் ஹோம்வொர்க் போட்டாங்க. ஒரு அப்பா வந்து, முடிஞ்ச பாடத்தையே நடத்தறீங்களாமே, என் பையனுக்கு போரடிக்குதாம்னு எழுதியே குடுத்துட்டுப் போனார். மேல வரைக்கும் போச்சு."

"அதுக்காக விட்டுட்டீங்களா?"

"அதுக்காக மட்டும் இல்ல சார். வருஷத்துக்குத் தொண்ணூறு பீரியட்னு போட்டிருக்காங்க. விளையாட்டு விழா, ஆண்டு விழா, டெஸ்ட் எல்லாம் போனா கையில அறுபது நிக்கும். தெரிஞ்சதை விட்டாத்தான் தெரியாததை நடத்த முடியும்."

"என் பொண்ணுக்குத் தெரியலையே."

"ஒரு கை சார். நாப்பத்திநாலுல ஒரு கை." வெந்நீரைக் குடித்தார். "எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. வாத்தியார் வீட்டுப் பொண்ணு, எப்படியாவது பிடிச்சிக்கும்னு நெனச்சேன்."

வாத்தியார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க எந்தக் கணக்குலேருந்து ஆரம்பிப்பீங்க சார்?"

"ஒண்ணுலேருந்து." யோசிக்காமல் சொன்னார்.

"குடுத்து வச்ச பசங்க" என்றார் டீச்சர். அதிலும் கிண்டல் இல்லை.

மணி அடித்தது. டீச்சர் சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டார்.

"படிவம் நாலு மணிக்குள்ள வரலைன்னா அவ கணக்குலயே இருப்பா சார். ஆனா இப்படியே போனா வருஷக் கடைசியில கணக்கும் போயிடும், வருஷமும் போயிடும். உங்களுக்குச் சொல்லணுமா?"

சொல்ல வேண்டாம், எனக்கே தெரியும் என்றாவது அவர் சொல்லியிருக்கலாம். நின்றார். டீச்சர் அவரைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார்.

கதவுக்கு வெளியே தூணை ஒட்டி மகள் நின்றிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

*

அவர் பள்ளியில் மூன்றாம் பீரியட். பதினோராம் வகுப்பு. நாற்பத்தாறு பேர்.

வகுப்புக்குள் போவதற்கு முன் ஆசிரியர் அறையில் தன் பாடக் குறிப்பேட்டை எடுத்தார். டீச்சரிடம் சொன்னதைத் தனக்கே ஒரு தடவை காட்டிக்கொள்ளத்தான்.

முக்கோணவியல். தொடக்கம்: எ.கா. 11.

அவருடைய கையெழுத்து. தேதி போட்டு, கீழே சின்னக் கையொப்பம்.

அந்த நாள் நினைவுக்கு வந்தது. பீரியடில் பாதி, மரம் நடுகிற நிகழ்ச்சிக்குப் போய்விட்டது. "இதெல்லாம் தெரியும்ல?" என்று கேட்டார். "தெரியும் சார்" என்றார்கள் கோரஸாக. சந்தோஷமாகப் பத்தைத் தாண்டினார். அந்த டீச்சர் கை தூக்கவாவது சொன்னார். இவர் அதுகூடச் செய்யவில்லை.

வகுப்புக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பேச்சு அடங்கியது.

"ட்யூஷன் போகாதவங்க யாரு?"

ஒரு கையும் இல்லை.

"எல்லாரும் ஒரு சின்னச் சீட்டு கிழிங்க. பேர் எழுதாதீங்க. முக்கோணவியல்ல ஒண்ணாவது கணக்கை உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தாங்க? ஸ்கூலா, ட்யூஷனா, வீடா, யாருமில்லையா? அதை மட்டும் எழுதுங்க."

"சார், மார்க் உண்டா சார்?"

"இல்ல."

"அப்ப உண்மையை எழுதலாம்டா" என்றது ஒரு குரல். சிரிப்பு.

சீட்டுகள் வந்தன. மேஜைமேல் பிரித்து வைத்தார். ட்யூஷன், பதினொன்று. வீடு, நாலு. கைடு, மூன்று. ஒன்றில் "நீங்கதான் சார்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம்.

மீதி இருபத்தேழு சீட்டிலும் "யாருமில்லை" என்று இருந்தது.

இருபத்தேழு பேரும் ட்யூஷன் போகிறவர்கள். அது அவருக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை எண்ணினார்.

நிமிர்ந்து பார்த்தார். நாற்பத்தாறு முகம். இருபத்தேழு யார் என்று தெரியவில்லை. பேர் எழுத வேண்டாம் என்று அவர்தான் சொன்னார்.

எழுந்து கரும்பலகையைத் துடைத்தார். ஒரு முக்கோணம் வரைந்தார். எடுத்துக்காட்டு 1 என்று எழுதினார்.

"சார், அது முடிஞ்சு போச்சு சார்" என்றான் கடைசி பெஞ்சில் ஒருவன்.

முதல் பெஞ்சு மாணவி எழுந்தாள். எப்போதும் முதல் மார்க் வாங்குகிறவள். "சார், திங்கக்கிழமை டெஸ்ட்ல எட்டாவது பாடம் சார். இன்னும் பாதி இருக்கு."

"பத்து நிமிஷம்."

"நேத்தும் பத்து நிமிஷம் போச்சு சார்." மரியாதையாகத்தான் சொன்னாள்.

சாக்பீஸைப் பிடித்தபடி நின்றார். மேஜைக்கு அடியில் மூன்று பெஞ்சில் வேறு நோட்டுகள் திறந்தன. யார் கேட்கிறார்கள், யார் கேட்பதுபோல் இருக்கிறார்கள் என்று பிரிக்க முடியவில்லை. பாதியில் தலைமை ஆசிரியர் வராந்தாவில் போனார். பலகையைப் பார்த்து நின்றார்.

"என்ன சார், புதுக் கல்யாணம் மாதிரி முதல்லேருந்தா?"

வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். சிரிக்காமல் இருக்க என்ன செய்வது என்று தெரியவில்லை.

மணி அடித்தபோது முக்கோணத்தின் மூன்று பக்கத்துக்கும் பெயர் எழுதி முடித்திருந்தார்.

*

அம்மா கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். லென்ஸை ஃப்ரேமின் அளவுக்குத் தேய்த்துக் கொடுப்பது அவள் வேலை. நடுப்புள்ளி குறித்து, பிடிப்பானை ஒட்டி, மெஷினில் பொருத்த வேண்டும். தண்ணீர் வழிந்துகொண்டே சக்கரம் சுற்றும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேய்க்க வேண்டும். கூடுதலாகத் தேய்ந்தது திரும்ப வளராது. பதினோரு வருஷத்தில் அவள் கெடுத்தது ஆறு லென்ஸ். ஆறும் யாருடையவை என்று சொல்வாள்.

பன்னிரண்டே முக்காலுக்குக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு மகள் வந்தாள். பள்ளி இரண்டு தெரு தள்ளி.

"என்னடி, எப்படி விட்டாங்க?"

"வயித்து வலின்னு சொன்னேன்."

"வலிக்குதா?"

"இல்ல."

படிவத்தைக் கவுண்டரில் வைத்தாள். பூர்த்தி செய்திருந்தாள். கையெழுத்து மட்டும் இல்லை.

அம்மா மெஷினை நிறுத்தினாள். "அப்பா வந்தாரே டீச்சரைப் பாக்க."

"வந்தார். அதான் வந்தேன்."

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"அவங்க சரியாத்தான் சொன்னாங்க. அப்பாதான்…" நிறுத்தினாள். "அப்பா பேச்சு இல்லாம நின்னார்மா. டீச்சர் சுத்திக்கிட்டு வெளிய போறாங்க, அப்பவும் அங்கயே நிக்கறார். என்னால பாக்க முடியல."

"அதுக்காக?"

"எனக்காக அவர் எங்கயும் போய் நிக்க வேணாம்."

"மாமாகிட்ட போலாம்டி. நான் பேசறேன். அப்பாவை நான் பாத்துக்கறேன்."

"பதினேழு மார்க்குக்கு மாமா என்னை எந்த பேட்ச்ல வைப்பார்? என் கிளாஸ்ல பாதிப் பேர் அங்கதான் இருக்காங்க. அங்கயும் நான் ஒருத்தி கை தூக்கணும்."

"கட்டடம்?"

"வேற ஏதாவது பாத்துக்கலாம்."

"என்னத்தை?"

"தெரியலம்மா. சீக்கிரம். ஒன்னேகாலுக்குள்ள போகணும்."

அம்மா போனை எடுத்துக் கணவரை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். வகுப்பு நேரத்தில் அவர் போன் ஆசிரியர் அறை அலமாரியில் இருக்கும். அவளுக்குத் தெரியும். இருந்தும் மூன்றாவது தடவை அழைத்தாள்.

உள்ளேயிருந்து முதலாளி கத்தினார். "அந்த இரட்டைப் பவர் ஆச்சா? கஸ்டமர் வந்து உக்காந்தாச்சு!"

"ஆச்சு சார்!"

மகளைப் பார்த்தாள். ஒரு மாதமாக அவள் தட்டில் சோறு பாதி அப்படியே இருக்கிறது. எதிரில் இருப்பவர்கள் பேசினால் பதிலுக்கு ம் என்கிறாள். வீடு வரைகிற நோட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். இந்தத் தாள் போனால் அதெல்லாம் திரும்பிவிடும்போல் இருந்தது. அந்த நேரத்தில் அப்படித்தான் இருந்தது.

ஈரக் கையைத் துடைத்தாள். ரசீது எழுதுகிற பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"சாப்டியா?"

"சாப்டேன்."

சாப்பிடவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

*

மூன்று நாற்பதுக்கு வாத்தியார் போன் செய்தார்.

"கூப்டியா? கிளாஸ்ல இருந்தேன். அப்புறம் மறந்தே போச்சு. இங்க பாரு, நான் உன் தம்பிகிட்டயே போறேன். நானே பேசறேன்."

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவர் ஒரு விஷயத்திலும் மனசு மாறி அம்மா பார்த்ததில்லை.

"கேக்குதா? மெஷின் சத்தமா? படிவம் வேணாம். ரேடியோ கணக்குலயே இருக்கட்டும். நான் ஏதாவது பண்றேன்."

"என்னங்க—"

"பஸ் வந்துடுச்சு. வீட்டுல பேசலாம்."

போன் நின்றது. சுவரில் மணி பார்த்தாள். பள்ளி அலுவலகத்துக்கு அழைத்தாள். எங்கேஜ்டு. மறுபடி எங்கேஜ்டு. "ஒரு பத்து நிமிஷம் போயிட்டு வரேன் சார்" என்று சொல்லிவிட்டு செருப்பு மாட்டி ஓடினாள். இரண்டு தெரு. நடுவில் ஒரு சிக்னல்.

நாலு மூன்றுக்கு அலுவலக ஜன்னல் மூடியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. தட்டினாள். ஒரு கை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் திரையை இழுத்துவிட்டது.

*

ட்யூஷன் சென்டர் டயர் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. ரப்பர் வாசனை படியேறி வகுப்புவரைக்கும் வந்தது. அறுபது பிளாஸ்டிக் நாற்காலி. வெள்ளைப் பலகை. சுவர் முழுக்கப் போன வருஷம் நல்ல மார்க் எடுத்தவர்களின் போட்டோ. அதில் பதினேழு பேர் வாத்தியாரின் மாணவர்கள்.

"அத்தான்!" மச்சான் மார்க்கரை மூடினான். "படி இருக்கறது தெரிஞ்சுதா?"

"கிண்டல் பண்ணாதே."

"நான் எங்க பண்ணேன்? நீங்கதான் பெற்றோர் கூட்டத்துல என்னைப் பத்திப் பேசினீங்களாம். பேர் சொல்லாம விட்டீங்களாம். ரொம்ப நன்றி."

இரண்டு வருஷமாகப் பேசாதவர்கள். நாற்காலியை இழுத்துப் போட்டான். வாத்தியார் உட்கார்ந்து, பையிலிருந்து சீட்டுகளை எடுத்துக் கொடுத்தார்.

"இருபத்தேழு பேருக்கு முதல் கணக்கை யாரும் சொல்லிக் குடுக்கல. அத்தனை பேரும் ட்யூஷன் போறாங்க. இதுல பாதி உன் பசங்க. எனக்குப் புரியல. நீ என்னத்தைத்தான் நடத்தறே?"

மச்சான் சீட்டுகளைப் புரட்டினான். சிரிக்கிற முகத்தைப் பார்த்துச் சிரித்தான். பிறகு சிரிப்பு போய்விட்டது.

"நான் வினாத்தாள் நடத்தறேன் அத்தான். ஆறு ஸ்கூல் பசங்க வராங்க. ஒவ்வொரு ஸ்கூல்ல ஒவ்வொரு பாடம் ஓடுது. ஒன்றரை மணி நேரத்துல நான் என்ன பண்ண முடியும்? போன அஞ்சு வருஷத்துல வந்த கேள்வி, வரப்போற கேள்வி. அவ்வளவுதான்."

"முதல் கணக்கு?"

"அது ஸ்கூல்ல நடத்தியிருப்பாங்கல்ல."

"நீ நடத்திட்டேன்னுதானே நாங்க விட்டோம்."

"யார் சொன்னது?"

"பசங்க."

"என்கிட்டயும் பசங்கதான் சொன்னாங்க. ஸ்கூல்ல முடிச்சாச்சு சார்னு."

கீழே டயர் கடையில் காற்று அடிக்கிற மெஷின் ஓடியது. அது நிற்கிறவரை மச்சான் சீட்டுகளைத் தட்டி அடுக்கினான்.

"ஏன் அப்படிச் சொல்றாங்க?" என்றார் வாத்தியார்.

"பக்கத்துல இருக்கறவன் தெரியும்ங்கறான். நான் மட்டும் தெரியாதுன்னு எப்படிச் சொல்றது? நீங்க சொல்வீங்களா?"

"ரேடியோ சொன்னா."

"அதான் பதினேழு."

வாத்தியார் அவனைப் பார்த்தார். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். "தப்பா சொல்லல அத்தான்."

"நீ நாளைலேருந்து ஒண்ணுலேருந்து ஆரம்பியேன். நானும் ஆரம்பிக்கறேன்."

"ரெண்டே நாள். மூணாவது நாள் அடுத்த தெரு சென்டருக்குப் போயிடுவாங்க. நீங்க ஆரம்பிச்சீங்களா இன்னிக்கு?"

"ஆரம்பிச்சேன்."

"என்னாச்சு?"

"மணி அடிச்சிடுச்சு."

மச்சான் டீ சொன்னான். சூடாக இருந்தது. ஆறும்வரை இருவரும் சுவரில் இருந்த போட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரேடியோவை அனுப்புங்க" என்றான். "என் அக்கா பொண்ணு. எந்த பேட்ச் வேணும்னாலும் உக்காரட்டும். எங்கேருந்து வேணும்?"

"ஒண்ணுலேருந்து."

"அது மட்டும் இங்க கிடையாது அத்தான்." கப்பை நசுக்கிக் கூடையில் போட்டான். "நெஜமாவே கிடையாது. வச்சிக்கிட்டு இல்லங்கல."

*

ஆறு மணிக்கு வாத்தியார் வீட்டுக்கு வந்தார். சட்டையை மாற்றவில்லை. கை கால் கழுவவில்லை.

"ரேடியோ. ஸ்கேல் எடு. கோணமானி எடு. நோட்டு வேணாம், வெள்ளைத் தாள் எடு."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா வாயைத் திறந்தாள். வாத்தியார் அதற்குள் தரையில் உட்கார்ந்து தாளை விரித்துவிட்டார்.

"முப்பது டிகிரி வச்சு ஒரு முக்கோணம் போடு. ஒரு மூலை நேர்கோணம். சின்னதாப் போடு. சரி. இப்ப அதே முப்பது டிகிரி, பெருசா ஒண்ணு. இன்னொண்ணு, உன் இஷ்டத்துக்கு."

போட்டாள். கோடு சுத்தமாக விழுந்தது. வீடு வரைகிற கை.

"முப்பது டிகிரிக்கு எதிர்ல இருக்கற கோட்டை அள. அப்புறம் சாஞ்ச கோட்டை அள. முதல் அளவை ரெண்டாவதால வகு."

"மூணு. ஆறு. அரை." அடுத்தது. "அஞ்சு. பத்து. அரை." மூன்றாவது. ஸ்கேலைக் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தாள். "நாலரை. ஒம்போது." நிமிர்ந்தாள். "இதுவும் அரை."

"முக்கோணம் எவ்வளவு பெருசானாலும்?"

"அரைதான்." தாளைத் திருப்பிப் பார்த்தாள். "இதான் சைன் தீட்டாவா?"

"இதான்."

"வெறும் நம்பரா?"

"நீ என்னன்னு நெனச்சே?"

"கால்குலேட்டர்ல ஒரு பட்டன்னு நெனச்சேன்பா."

வாத்தியார் சிரித்தார். அவளும் சிரித்தாள். சமையலறை வாசலில் அம்மா கரண்டியோடு நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

ரேடியோ பேச ஆரம்பித்தது. அப்ப காஸ் எந்தக் கோடு? நாப்பத்தஞ்சு டிகிரி போட்டா? மேல ஏத்திக்கிட்டே போனா ஒரு இடத்துல ரெண்டு கோடும் ஒண்ணாயிடுமே, அப்ப ஒண்ணா? இதை ஏன் யாரும் சொல்லல? மாடிப்படி எவ்வளவு சரிவுன்னு இப்படித்தான் போடுவாங்களா? கேள்வி முடிவதற்குள் அடுத்த கேள்வி. ஒன்று, இரண்டு, மூன்று என்று கணக்குகள் நகர்ந்தன. ஒன்றரை மணி நேரத்தில் மூன்று. மூன்றும் அவள் போட்டது.

அம்மா இரண்டு தடவை உள்ளே போய், இரண்டு தடவை வாசலுக்கு வந்தாள்.

"நாலாவதை நீயே படிச்சுப் போடு" என்று சொல்லிவிட்டு வாத்தியார் சுவரில் சாய்ந்தார். காலை நீட்டினார். "பன்னெண்டு வாரம் இருக்கு. ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம். பேப்பரை ராத்திரி திருத்திக்கறேன். பிடிச்சிடலாம்." மனைவியைப் பார்த்தார். "நாலு மணியும் தாண்டிடுச்சு. இனிமே அந்தப் படிவத்துக்கு மரியாதை இல்ல. கொண்டா, கிழிச்சிடலாம்."

மகள் எழுதுவதை நிறுத்தவில்லை. நாலாவது கணக்கின் மூன்றாவது வரியில் இருந்தாள். சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

"குடுத்தாச்சுங்க" என்றாள் அம்மா.

"என்னது?"

"மத்தியானம் கடைக்கு வந்தா. நான்தான் கையெழுத்துப் போட்டேன். மூணு தடவை உங்களைக் கூப்பிட்டேன்."

வாத்தியார் காலை மடக்கினார்.

"நீங்க போன் பண்ணினதும் ஓடினேன். ஜன்னலை மூடிட்டாங்க."

அவர் மனைவியைத் திட்டுவார் என்று மகள் காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. தன் பள்ளியிலும் அதே படிவம்தான். கொடுத்த பிறகு மாற்ற முடியாது என்ற கடைசி வரியைப் பெற்றோரிடம் விரல் வைத்துக் காட்டுகிறவர் அவர்தான்.

டீச்சரின் எண்ணுக்கு அழைத்தார். தெரியாமல் விரல் பட்டு ஸ்பீக்கர் ஆனது.

"பட்டியல் மேல போயிடுச்சு சார்." தொண்டை இன்னும் மோசமாக இருந்தது. "ஒன்னேகாலுக்கே அவ கொண்டுவந்து குடுத்துட்டா. நீங்க காலையில யோசிச்சு முடிவு பண்ணீங்கன்னு நெனச்சேன். நல்ல முடிவுன்னுகூட நெனச்சேன்."

"ஒரு வழியும் இல்லையா டீச்சர்?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல சார். நாளைக்குக் கணக்குப் பீரியட்ல அவ மாடி ரூமுக்குப் போகணும். கணக்கை விட்ட பதினொரு பேரோட." தொண்டையைச் செருமினார். "பிரின்சிபலைப் பாருங்க. ஆனா அவர் கேப்பார். ஒரே நாள்ல என்ன மாறிடுச்சுன்னு. என்ன சொல்வீங்கன்னு யோசிச்சிட்டு வாங்க."

வைத்துவிட்டார்.

வாத்தியார் தரையில் கிடந்த மூன்று முக்கோணங்களைப் பார்த்தார்.

"குடுத்துட்டேன்னு சொல்லியிருக்கலாமே ரேடியோ. ஒன்றரை மணி நேரமா ஏன் உக்காந்திருந்தே?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்." பென்சிலைக் கீழே வைத்தாள். "அப்புறம் அரை வந்துச்சு. மறுபடி அரை வந்துச்சு. நல்லா இருந்துச்சுப்பா. நடுவுல நிறுத்த மனசு வரல."

நாலாவது கணக்கு முடிந்திருந்தது. அவர் பக்கம் தள்ளினாள். விடை சரி. அவர் சரி என்று சொல்லவில்லை. அவர் சொல்லித் தெரிய வேண்டிய தேவையும் அவளுக்கு இல்லை.

அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அஞ்சாவது போடட்டுமாப்பா?" என்று மகள் கேட்டாள். "வேணாமா?"

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பிள்ளையும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை.